கல்லும் வாழைக்குத்தியும்

மே 11, 2024

இன்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் புத்தகக் கடையில் சிங்கள அரிச்சுவடி ஒன்று வாங்கினேன். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பாவிப்பது. "பேரப்பிள்ளைக்கோ அம்மா?" என்று கேட்டான் கடைப் பெடியன். எனக்குத்தான் என்றேன். வயது அறுபத்தொன்று.

காரணம், எங்கள் ஒழுங்கை முடக்கில் இருக்கும் மாமி. காணாமற்போன மகனைப் பற்றி அவ போட்ட மனுவுக்குப் போன மாதம் ஒரு பதில் வந்தது. முழுக்கச் சிங்களம். ஒழுங்கையில் பதினாலு வீடு, வாசிக்க ஒருவர் இல்லை. கடிதம் பன்னிரண்டு நாள் சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்தது. பிறகு டவுனில் யாரோ வாசித்துச் சொன்னார்கள்: அடையாள அட்டைப் பிரதி ஒன்று வேண்டுமாம். அவ்வளவுதான். அனுப்பச் சொன்ன திகதி முடிந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதிய நான், அந்தக் கடிதத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அது இன்னும் சுடுகிறது.

ஆனால் இந்த அரிச்சுவடியை வீட்டுக்குள் கொண்டுவருவது எனக்கு லேசான காரியமில்லை. என் ஐயா அரசாங்கத் திணைக்களமொன்றில் கிளாக்கராக இருந்தவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பிறகு, சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாதவர்களுக்குச் சம்பள உயர்வு இல்லை என்றார்கள். ஐயா பரீட்சைக்குப் போகவில்லை. நான் பிறக்க முந்தியே வேலையை விட்டுவிட்டு வந்து புகையிலை நட்டார். கோடீஸ்வரன் என்ற கிளாக்கர் தன் சம்பள உயர்வுக்காக அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டதையும், 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதையும், அந்த வழக்கு லண்டன் கோமறைக் கழகம் (அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீடு அங்கேதான்) வரைக்கும் போனதையும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லுவார். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அரிச்சுவடியை ஐயாவின் படம் இருக்கும் அறையில் வைக்க மனம் வரவில்லை. குசினி அலுமாரியில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மே 14

பின்னறைக்கு இப்போதுதான் வாடகைக்கு வந்த பிள்ளை அநுராதபுரத்துப் பக்கம். இங்கே கம்பஸில் இரண்டாம் வருடம். தமிழ் கொஞ்சம் கதைப்பா. நான் சிங்களம் படிக்கிறேன் என்றதும் அவவுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் இடறல், ஐயாவிலேயே. "எங்கட ஐயா இருந்திருந்தா என்ன சொல்லுவாரோ" என்றேன். "அன்ரிக்கு எத்தனை அய்யா?" என்று கேட்டா. சிங்களத்தில் அய்யா என்றால் தமையன். அக்கா மட்டும் இரண்டு பக்கமும் அக்காதான்.

இரண்டாவது, எழுத்து. நமக்கு ஒரு க போதும், இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்ளும். அவர்களுக்குக் கடினமான க-வும் மெல்லிய க-வும் வேறு வேறு எழுத்து. 'சங்கு' என்னும்போது வருகிற கு-வைச் சொல்லின் முதலிலும் சொல்லப் பழகு என்றா. கல் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'கல' அப்படித்தான் தொடங்குகிறது. நான் கடினமான க-வில் தொடங்கினால் அது கல்லே இல்லை.

மூன்றாவது இன்னும் பிடிபடவில்லை. 'கந்த' என்று ஒரு சொல். ந்-இல் நாக்கு நின்று போனால் அது மலை. நிற்காமல், மூக்கில் ஒரு துளி மட்டும் பட்டு ஓடினால் மரத்தின் அடிக்கட்டை. இருபது தரம் சொன்னேன். இருபது தரமும் மலைதான்.

மே 18

இன்று முள்ளிவாய்க்கால் நினைவு நாள், பாடம் இல்லை. உப்பும் அரிசியும் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். மாமி வந்தா. பின்னறைப் பிள்ளையும் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினா. மூன்று பேரும் விறாந்தையில் இருந்து குடித்தோம்.

மே 24

வெசாக்குக்குப் பிள்ளை ஊருக்குப் போய்விட்டா. தேங்காய் துருவும்போதும் முற்றம் கூட்டும்போதும் போனில் சிங்களம் படிப்பிக்கும் பொட்காஸ்ட் போட்டுவிடுகிறேன். கேட்கும்போது எல்லாம் விளங்கும். மத்தியானம் யோசித்தால் ஒரு சொல்லும் மிஞ்சியிருக்காது. வயது போனதால்தான் என்று நினைத்துக் கவலைப்பட்டேன்.

நேற்று ஞாபகத்தைப் பற்றிய இன்னொரு நிகழ்ச்சி கேட்டேன், தமிழில். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்று ஒருவர். அர்த்தமில்லாத அசைகளை எழுதித் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து பார்த்து 1885இல் புத்தகமாகப் போட்டிருக்கிறார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு மெல்ல மெல்லத்தான் போகிறது என்று கண்டவர். அப்போது அவருக்கு என் வயதில் பாதிதான். ஆகவே இது கிழவிகளுக்கு மட்டும் வரும் வருத்தமில்லை!

அதைவிட மற்றது என்னைப் பிடித்துக்கொண்டது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த பரிசோதனை. ஒரு பகுதி மாணவர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பகுதி வாசித்துவிட்டு, மூடி வைத்து, ஞாபகத்தில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் கெட்டி. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது மூடி வைத்து எழுதியவர்கள்தான் கெட்டி.

இது எனக்குத் தெரியாததா? பேரேட்டைப் பத்துத் தரம் புரட்டினாலும் எல்லாம் சரிபோலத்தான் இருக்கும். பரீட்சை மீதி எடுத்து, இரண்டு பக்கமும் கூட்டிப் பொருந்துகிறதா என்று பார்க்கும்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னுடைய மீதி பொருந்தாமல் இரவு எட்டு மணிவரை சங்கத்தில் இருந்து அழுதிருக்கிறேன். அன்று பிழையைக் கண்டுபிடித்த இடம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வாசித்ததை மூடிவிட்டுத் தேடுகிற அந்தத் தவிப்புத்தான் படிப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

இன்றிலிருந்து காதில் ஓடவிட்டுப் போவதில்லை. ஐந்து நிமிடம் கேட்பது, நிறுத்துவது, பழைய கணக்குக் கொப்பியில் எழுதிப் பார்ப்பது.

ஜூன் 1

பொது நூலகத்துக்குப் போனேன். இந்தத் திகதியில் போகாமல் இருக்க முடிவதில்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் புத்தகம் சேர்த்துத் தொடங்கி வைத்தது, 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களாக இருந்தபோது எரித்தார்கள். எனக்குப் பதினெட்டு வயது. இரவல் எடுத்த புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது, திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் போனது.

அது சிங்கள நாவலொன்றின் தமிழாக்கம் என்பதை இன்றுதான் யோசித்தேன். மார்ட்டின் விக்கிரமசிங்க எழுதிய 'கம்பெரலிய', ம. மு. உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழாக்கியது. தென்பகுதியில் ஒரு பெரிய வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிற கதை. ஐயா அதை வாசித்திருந்தார்! ஓரங்களில் அவருடைய பென்சில் கோடுகள் இருந்தன, நூலகப் புத்தகத்தில் கீறக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்த அதே மனுசனின் கோடுகள். 1995 இடப்பெயர்வில் அந்தப் புத்தகமும் போயிற்று.

ஐயா பரீட்சையைத்தான் மறுத்தார்.

இரண்டு மணிக்குக் கண்ணாடி ஜன்னலோரம் இருந்து சிறுவர் கதையொன்றின் மூன்று பக்கத்தை எழுத்துக்கூட்டி முடித்தேன். எதிரே இருந்த சின்னப் பெட்டை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 8

தம்பி கனடாவிலிருந்து எடுத்தான். எப்படியோ கேள்விப்பட்டுவிட்டான். "அக்கா, ஐயா வேலையைத் தூக்கி எறிஞ்சது எதுக்கெண்டு மறந்து போனியளோ?" என்றான். குரல் உடைந்திருந்தது. அவனுக்குக் கோபமில்லை, துக்கம். ஐயாவின் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இல்லாத பிள்ளை அவன். பழையதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பான், அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

"மறக்கேல்ல தம்பி. என்னை ஒருத்தரும் படியெண்டு சொல்லேல்ல. அதுதான் படிக்கிறன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அங்கே பனி போய்விட்டது, தக்காளி வைத்திருக்கிறேன் என்றான்.

ஜூன் 21

இன்று பொசொன் போயா, முழுநிலா விடுமுறை, கம்பஸ் இல்லை. பிள்ளை தன் மடிக்கணினியில் ஒரு படம் போட்டுக் காட்டினா. பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர'. முழுநிலவின் இருட்டு என்று பொருள் சொன்னா. 2000இல் அரசாங்கம் தடுத்து வைத்து, உயர் நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்த படம்.

கண் தெரியாத கிழவர். ஆமிக்குப் போன மகன் சீல் வைத்த பெட்டியில் வருகிறான். திறக்க விடவில்லை. புதைத்துவிட்டார்கள். நட்டஈட்டுக் காசுக்குக் கையெழுத்து வையுங்கள் என்று ஊரே கேட்கிறது. கிழவர் வைக்கவில்லை. ஜோ அபேவிக்கிரம என்ற நடிகர், வாய் திறக்காமலே முகத்தால் இல்லை என்கிறார். காய்ந்த குளத்தங்கரையில் அவர் தடியூன்றி நடந்து வந்தபோது, எனக்குப் புகையிலைத் தோட்டத்து வரம்பில் ஐயா நடப்பதுபோல் இருந்தது. கடைசியில் கிழவரே மண்ணைக் கிண்டிப் பெட்டியைத் திறக்கப் பண்ணுகிறார். உள்ளே கல்லும் வாழைக்குத்தியும்.

படத்தை நிறுத்திவிட்டு, "வாழைக்குத்திக்கு என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்டேன்.

"கெசெல் கந்த" என்றா. நாக்கு நிற்காத அந்தக் கந்த. மூக்கில் ஒரு துளி.

நான் சொன்னேன். முதல் தரமே வந்தது. பிறகு 'கல' என்றேன். அதுவும் சரி. நாலு கிழமையாகக் கொப்பியில் எழுதியும் பிடிபடாத இரண்டு சொல், ஒரு பெட்டிக்குள் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்த பிறகு வாய்க்குள் வந்தன. இனி மறக்குமா!

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "நான் சின்னனில எங்கட ரோட்டிலயும் ரெண்டு பெட்டி வந்தது அன்ரி. திறக்க விடேல்ல." அதற்குமேல் நாங்கள் கதைக்கவில்லை. மாமிக்கு அப்படி ஒரு பெட்டியும் வரவில்லை என்பதை அவவுக்குச் சொல்ல வேண்டும், இன்னொரு நாளைக்கு.

ஜூன் 29

மாமிக்கு அடுத்த கடிதம் வந்தது. இந்த முறை நேரே என்னிடம் கொண்டுவந்தா. நடுங்கிக்கொண்டுதான் பிரித்தேன். பாதி விளங்கவில்லை. ஆனால் திகதி விளங்கியது. 'புதா', மகன், விளங்கியது. 'அதுருதஹன்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி முடித்ததும் அது நம்முடைய அந்தர்த்தானம்தான் என்று பட்டது. காணாமற்போன. மிச்சத்தைப் பின்னறைப் பிள்ளை வந்து சரி பார்த்தா: பிரதி கிடைத்தது, இன்ன இலக்கத்தில் பதிந்திருக்கிறோம் என்று நாலு வரி.

"திருப்பி ஒருக்கா வாசி பிள்ளை" என்றா மாமி. வாசித்தேன். "அவன்ர பேர் எதிலை கிடக்கு?" தொட்டுக் காட்டினேன். தொட்டபோதுதான் கண்டேன், மூன்றாவது எழுத்துப் பிழை. சங்கின் கு வரவேண்டிய இடத்தில் கடினமான க போட்டிருந்தார்கள். அந்தப் பெயரில் தேடினால் வேறு யாரோ ஒருவன்தான் வருவான்.

உடனே பதில் எழுத உட்கார்ந்தோம். தமிழில்தான் எழுதினேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, ஆகவே பதிலையும் தமிழில் தரும்படி கேட்டு ஒரு வரி சேர்த்தேன். கீழே, பெயர் திருத்தம் என்ற இடத்தில் மட்டும் அந்தப் பெயரைச் சிங்களத்தில் எழுதினேன். மெதுவாக, ஒவ்வொரு சுழியாக. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் குனிந்து என் பேனை போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"இதுதானோ அவன்ர எழுத்து?" என்று மூன்றாவதைத் தொட்டுக் கேட்டா.

"ஓம் மாமி, இதுதான்."

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட வேண்டும்.