15 பவுண்டுக்கு ஒரு நாள் முழுக்க மூதாதையர்

ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடிப் போகிறவர்களுக்கு: எடின்பரோவின் சுற்றுலாக் கடைத்தெருவான ராயல் மைலில் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், குலச்சின்னம் அச்சடித்த தாளைச் சட்டம் போட்டு நீட்டிவிடுவார்கள். வாங்காதீர்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் தனி ஆளுக்கு வழங்கப்படுவது, அவருக்குப் பின் அவருடைய வாரிசுக்கு. பெயர் மெக்டொனால்டு என்பதற்காக எல்லா மெக்டொனால்டும் அதற்குப் பங்காளி ஆகிவிட முடியாது. அந்தக் காசோடு நார்த் பிரிட்ஜைத் தாண்டி நடங்கள். குதிரைமேல் வெலிங்டன் உட்கார்ந்திருக்கும் சிலைக்குப் பின்னால் ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ். பழைய பிறப்பு, திருமண, மரணப் பதிவுகளைப் பார்க்கும் ஸ்காட்லாந்ஸ்பீப்பிள் மையம் அதற்குள்தான்.

ஒரு நாள் இருக்கைக்கு 15 பவுண்டு. கொள்ளை என்று தோன்றும், கணக்குப் போட்டால் தோன்றாது. வீட்டிலிருந்து இணையத்தில் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 6 கிரெடிட், அதாவது 1.50 பவுண்டு. நம்ம ஆள் எவர் என்று தெரியாமல் நாலு ஜான் ஸ்டூவர்ட்டைத் திறந்து பார்த்தாலே 6 பவுண்டு காலி. மையத்தில் எத்தனை ஜானை வேண்டுமானாலும் புரட்டலாம், பத்துப் பக்கத்திலேயே காசு தேறிவிடும். இணையத்தில் பிறப்புப் பதிவு 100 வருடம், திருமணம் 75, மரணம் 50 கழிந்தால்தான் படமாகத் திறக்கும். மையத்தில் அந்தத் தடை இல்லை. பெயர் அட்டவணையைத் தேடுவது வீட்டிலேயே இலவசம் என்பதால் பட்டியலை முடித்துக்கொண்டு போங்கள். வார நாளாகப் பார்த்து இருக்கை பதிவு செய்யுங்கள். ஆகஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். எடின்பரோ கலை விழாக் காலத்து அறை வாடகையில் பட்ஜெட் படுத்துவிடும்.

பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மரணத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்காட்லாந்து மரணப் பதிவில் இறந்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். அங்கிருந்து திருமணப் பதிவுக்குத் தாவினால் இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் ஒரே வரிசையில் கிடைப்பார்கள். மணமான பெண்ணின் மரணத்தைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடலாம், புகுந்த வீட்டுப் பெயரிலும் தேடலாம். ஒரே எச்சரிக்கை: தகவல் கொடுத்தவர் யார் என்ற கடைசிக் கட்டத்தைப் படியுங்கள். மகன் சொல்லியிருந்தால் ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் பாட்டி பெயர் யூகமாகத்தான் இருக்கும்.

அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1. அந்த ஒரு வருடம் உங்கள் குடும்பத்தில் யாராவது பிறந்தோ இறந்தோ இருந்தால் லாட்டரிதான்! பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், கல்யாணம் நடந்த இடமும் தேதியும், ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள் என்பது வரை எழுதியிருப்பார்கள். மரணப் பதிவில் பிள்ளைகளின் பெயர்களே இருக்கும். எழுதி மாளவில்லை போல, அடுத்த வருடமே பாதியைக் குறைத்துவிட்டார்கள். நேரடி மூதாதையர் அந்த வருடத்தில் சிக்காவிட்டால் அவருடைய தம்பி, தங்கையைத் தேடுங்கள். அப்பா அம்மா அதே ஆட்கள்தானே.

1855-க்கு முன்னால் பாரிஷ் பதிவேடுகள், அதாவது ஊர்த் தேவாலயம் எழுதிவைத்தவை. 1553-ல் தொடங்கும் எரோல் ஊர்ப் பதிவேடுதான் இருப்பதில் பழையது. எல்லா ஊரும் அவ்வளவு ஒழுங்கில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டார்கள். பதியாமலே விட்டவர்கள் ஏராளம். 1843-ல் திருச்சபை உடைந்தபோது பிரிந்து போனவர்களின் பிள்ளைகளும் இந்தப் பதிவேடுகளில் சரியாக இல்லை. 1841 சென்சஸையும் அப்படியே நம்பாதீர்கள்: 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கியிருப்பார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார்.

இப்படி ஓட்டை விழுந்த இடத்தில் பெயரிடும் வழக்கம் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். பேரன் என்றாலே பெயரன் என்று அறிந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம்.

பாரிஷ் பெயரும் அதன் தேவாலயம் இருக்கும் இடமும் உறுதியாகும் முன் ஊருக்கு வண்டி ஏறாதீர்கள். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் ஃபோர்டூன் பாரிஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டூன் என்ற பெயரிலேயே நெடுஞ்சாலையோரம் ஒரு கிராமம் இருக்கிறது. பழைய தேவாலயமும் கல்லறைகளுமோ சில மைல் தள்ளி ஆக்கன்பிளேயில்! 1867-ல் இலங்கை லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்தப் பக்கத்து ஆள்தான். லாரன்ஸ்கிர்க் ஸ்டேஷனில் இறங்கி பஸ்ஸை நம்பினால் பாதி நாள் போய்விடும். டாக்ஸி என்றால் போகவர எவ்வளவு, காத்திருப்புக்கு எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கல்லைப் படிக்கப் படிக்க மீட்டர் ஓடும். கடைசியில் டிரைவர் சொல்லும் தொகையில் எடின்பரோவில் இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கலாம்.

கல்லறைக் கல்லில் பாசி படர்ந்து எழுத்து தெரியாது. கம்பி பிரஷால் சுரண்டினால் பாசியோடு எழுத்தும் உதிர்ந்துவிடும், சாக்பீஸும் பூசக்கூடாது. போன் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழும், வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் வருடம் எழும்பும். அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு நகருங்கள். கல்லின் பின்பக்கத்தையும் பாருங்கள், வெளிநாட்டில் செத்த மகன்களின் பெயரை அங்கே வெட்டியிருப்பதுண்டு.

அந்த மகன் செத்தது மதராஸ் என்றால் எடின்பரோவில் தேடிப் பயனில்லை. கம்பெனி காலத்து மதராஸ் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனில், பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன, N/2 என்ற வரிசையில். அதற்கு ரயில் டிக்கெட் தனி. முன்கூட்டியே எடுத்தால்தான் விலை தாங்கும்.