கங்கைகொண்ட சோழபுரத்தில் அத்தையின் அரிசி வேண்டுதல்

என் மாமியாருக்குப் பிறந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், அவருக்குச் சாமி என்றால் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருமான்தான். கபாலீஸ்வரரைக் கும்பிடும்போதுகூட "எங்க ஊர் ஐயாகிட்ட சொல்லிடுங்க" என்பது போல ஒரு பாவனை இருக்கும். அதனால் எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே 1,100 கிராம் எடையில் பிறந்து, டியூப் வழியாகக் கொடுத்த 2 மில்லி பால்கூட வயிற்றில் தங்காமல் போனபோது, அத்தை யாரிடம் போய் நின்றிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தெற்குப் பார்த்துக் கைகூப்பி, "இந்தப் புள்ள வயித்துல பால் நிக்கட்டும். ஐப்பசிப் பௌர்ணமிக்கு உனக்கு நான் சோறு போடறேன்" என்றார். மறுநாள் பால் நின்றது. டாக்டர்கள் மருந்தின் பெயர் சொன்னார்கள். மருந்தையும் கும்பிட்டுக்கொண்டோம்.

அப்புறம் ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஏதோ ஒரு தடை. ஒரு வருஷம் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி, ஒரு வருஷம் புயல் மழை, ஒரு வருஷம் அத்தைக்கே முழங்கால் ஆபரேஷன். பாப்பாவுக்கு ஐந்து வயதாகிப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் ஐயா கூப்பிட்டார். அவர் கூப்பிடாமல் யார் போக முடியும்?

பச்சரிசி மூட்டையை அத்தையின் அண்ணன் மகன் இரண்டு நாள் முன்பே கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஐப்பசிப் பௌர்ணமியன்று பெருமானைச் சோற்றால் மூடுகிற அன்னாபிஷேகத்துக்கு நூறு மூட்டைக்குக் குறையாமல் அரிசி வடிப்பார்கள். அதில் எது எங்கள் மூட்டை என்று பெருமானுக்குத் தெரியும். நாங்கள் போய் நிற்க வேண்டியதுதான் பாக்கி. பஸ்ஸில் போனால் அத்தையின் முழங்கால் தாங்காது. ரயிலில் போய் இறங்கி வேறு வண்டி பிடிப்பதும் பிள்ளையை வைத்துக்கொண்டு சிரமம். ஒருநாள் வாடகைக்குக் கார் பேசினோம். கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. கூட்டிக் கழித்துப் பார்த்த இவர் "இதுக்கு இன்னொரு மூட்டை அரிசி வாங்கலாம்" என்று முணுமுணுத்தார். அத்தை காதில் விழவில்லை, அல்லது விழாதது போல இருந்துவிட்டார்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பியும் விக்கிரவாண்டி வரைக்கும்தான் சுகமான பயணம். தஞ்சாவூர் ரோட்டில் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. பண்ருட்டிக்கு அப்புறம் மாற்றுப்பாதை, பள்ளம், எதிரே கரும்பு லாரி. டிரைவர் தம்பி நல்ல பொறுமைசாலி. வடலூரைக் கடக்கும்போது அவரே வேகத்தைக் குறைத்து "அருட்பெருஞ்ஜோதி" என்றார். 1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையாமல் ஏழைக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கிற ஊர். அன்னாபிஷேகத்துக்குப் போகிற வழியில் அந்த ஊர் வந்தது எனக்கு என்னவோ நல்ல சகுனமாகப் பட்டது. சேத்தியாத்தோப்பு வந்ததும், நம் வீட்டுக் குழாயில் வருகிற வீராணம் தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று இவர் பிள்ளைக்கு விளக்க, அவள் தூங்கிவிட்டாள். பராந்தக சோழன் காலத்து ஏரி இன்றைக்குச் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பாடமாகச் சொன்னால் யாருக்குமே தூக்கம் வரும்தான்.

மீன்சுருட்டி தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. போலீஸ்காரர்கள் கார்களையெல்லாம் தூரத்திலேயே ஒரு வயல்வெளிக்குத் திருப்பிவிட்டார்கள். கையில் டோக்கன் கட்டை வைத்திருந்த ஒருவர் காசு வாங்கிக்கொண்டு, தண்ணீர் தேங்கிய இடத்தைக் காட்டி அங்கே விடச் சொன்னார். முன்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கின. காசு வாங்கியவரைத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பக்கத்து ஊர்ப் பையன்கள் நான்கைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சக்கரத்துக்கு அடியில் வைக்கோலைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். பணம் நீட்டினால் "அன்னாபிஷேகத்தன்னைக்கா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

கோயிலுக்கு நடக்கிற வழியில் நெற்றி நிறைய விபூதியோடு இன்னொருவர் ஒட்டிக்கொண்டார். ஆளுக்கு ஐந்நூறு கொடுத்தால் வரிசையில் நிற்காமல் நேரே கர்ப்பகிரகத்து வாசலுக்குக் கூட்டிப்போவாராம். அத்தையின் நடையைப் பார்த்து இவர் பர்ஸை எடுக்கப் போனார். அவ்வளவுதான், இத்தனை வருஷச் சென்னை வாசத்தை உதறிவிட்டு அத்தை ஜெயங்கொண்டத்துப் பேச்சுக்குப் போய்விட்டார். "ஏந் தம்பி, எங்க ஊர் சாமிய எனக்கே விக்கிறியா? நீ எந்த ஊரு?" அந்த மனிதர் அடுத்த குடும்பத்தைத் தேடிப் போனார்.

வரிசை நந்தியைச் சுற்றி வளைந்து கிடந்தது. மழை விட்டு லேசாக வெயில் எட்டிப் பார்க்க, நனைந்த விமானம் பளிச்சென்று நின்றது. தஞ்சாவூரைவிட உயரம் குறைவுதான். ஆனால் தஞ்சாவூர் நேர்க்கோடாக ஏறிப்போகும், இது மேலே போகப்போக உள்வாங்கி வளைந்து போகும். தஞ்சாவூரைக் கட்டிய அப்பன் ராஜராஜனைவிட உயரமாகக் கட்டக்கூடாது என்று, இதைக் கட்டிய ராஜேந்திர சோழன் அடக்கி வாசித்தான் என்பார்கள். எனக்கென்னவோ இந்த வளைவைப் பார்த்தால் அடக்கம் மாதிரி தெரியவில்லை, அவன் தன் ஆசைக்குக் கட்டியிருக்கிறான். கங்கை வரைக்கும் படையை அனுப்பித் தண்ணீர் கொண்டுவந்தவன். அந்த நீரால் ஆன வெற்றித்தூண் என்றே சோழகங்கம் ஏரியைச் செப்பேட்டில் எழுதிவைத்தவன்.

வரிசையில் நின்றது எவ்வளவு நேரமோ தெரியாது. மகாமண்டபத்துக்குள் நுழைந்ததும் இருட்டும் வியர்வையும் நெரிசலும். பின்னாலிருந்து ஒரே தள்ளு. ஓரமாக ஆட்கள் வரிசையாக நின்று சோற்றுக் கூடைகளைக் கைமாற்றி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூடை கடந்து போகும்போதும் முகத்தில் ஆவி அடித்தது. கல் மண்டபம் முழுக்க வடித்த சோற்றின் வாசனை. எத்தனையோ கோயில் போயிருக்கிறேன். கற்பூரமும் விபூதியும் எண்ணெயும் மணக்கும். சமையலறை மணக்கிற சந்நிதியை அன்றுதான் பார்த்தேன்.

துவாரபாலகர்களைத் தாண்டியதும் தெரிந்தார். 13 அடி உயரப் பெருமான். லிங்கத்தின் பீடமான ஆவுடையார் முழுக்கச் சோற்றில் மூடியிருந்தது. லிங்கத்தின் பாதி வரைக்கும் வெள்ளை ஏறியிருந்தது. மேல் பாதி இன்னும் கருப்பாக, அபிஷேக ஈரம் மின்ன. பலகை மேல் நின்ற குருக்கள் இரண்டு பேர் கை நிறையச் சோற்றை அள்ளி அள்ளி அப்பிக்கொண்டிருந்தார்கள். சூட்டில் கையை உதறுகிறார்கள், மறுபடியும் அள்ளுகிறார்கள். ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம் என்பார்களே, கணக்கு வைக்க முடியுமா அதை?

நான் பாப்பாவைத் தூக்கிக் காட்டினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் பக்கத்தில் அத்தையின் குரல் கேட்டது. முதலில் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்தேன். கவனித்தால், எண்கள். "ஆயிரத்து நூறு. ஆயிரத்து நாப்பது. ஆயிரத்து அம்பது. ஆயிரத்து முப்பது. ஆயிரத்து எண்பது..." பாப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினம் காலையில் நர்ஸ் வந்து சொன்ன எடைகள். எனக்கே மறந்துபோனவை. கூடின நாள், குறைந்த நாள், அப்படியே நின்ற நாள், ஒன்றுவிடாமல் வரிசையாக ஐயாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆயிரத்து எண்ணூறு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப பதினாறு கிலோ இருக்கா. பாத்துக்க" என்றார்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் எல்லாரையும் "நகரு நகரு" என்று விரட்டிக்கொண்டிருந்தவர்தான். எங்களை மட்டும் ஏனோ விரட்டவில்லை. கையை நீட்டிப் பின்னால் வந்தவர்களைத் தடுத்து, அத்தை முடிக்கிற வரைக்கும் நின்றார். அதுவும் அவன் செயல்தானே. நான் அழுதுகொண்டிருந்தேன். இவரும்தான். கேட்டால் ஆவி கண்ணில் பட்டது என்பார்.

வெளியே வந்த பிறகு உடம்பில் ஒரு பலமும் இல்லை. பெரியநாயகி அம்மன், துர்க்கை, ஒரே கல்லில் தாமரையாக அமைந்த நவகிரகம் என்று எந்த வரிசையில் கும்பிட்டோம் என்று இப்போது யோசித்தால் குழம்புகிறது. கணக்கு விநாயகர் முன்னால் அத்தை வெகுநேரம் நின்றார். ராஜேந்திரனின் அமைச்சருக்குக் கோயில் கட்டின செலவுக் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவராம். இன்றைக்குத் தன் கணக்கும் தீர்ந்தது என்று சொல்லியிருப்பார்.

வடக்குப் படிக்கட்டு ஓரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைப் பார்க்காமல் யாரும் திரும்பக்கூடாது. உமையோடு அமர்ந்த பெருமான், குனிந்து கைகூப்பியிருக்கிற சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைத் தன் கையாலேயே சுற்றுகிறார். அந்தப் பக்தன் ராஜேந்திரனே என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கட்டும். என் கண்ணுக்கு அந்த விரல்கள்தான் தெரிந்தன. பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைக்கு அம்மா அவசரமில்லாமல் பூ வைத்துவிடுகிற மாதிரி ஒரு கை. ஆயிரம் வருஷமாக அந்த மாலையைச் சுற்றி முடிக்கவில்லை அவர். இந்த இடத்தில் சுவரில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்களை என்ன சொல்வது? உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2004-ல் யுனெஸ்கோ அறிவித்த கோயில். சண்டேசர் தோளில் கைபோட்டு ஒருவர் போஸ் கொடுக்கிறார். அத்தை முறைத்ததில் இறங்கிவிட்டார்.

மதிலும் கிழக்குக் கோபுரமும் இருந்த இடத்தில் அடித்தளம்தான் மிச்சம். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இங்கிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சின்ன வயதில் அந்தக் கீழணை இருக்கிற அணைக்கரையைத் தாண்டும்போதெல்லாம் அத்தையின் அப்பா பாலத்தைப் பார்த்துக் கும்பிடுவாராம், "நம்ம கோயில் கல்லு" என்று. வயலுக்குத் தண்ணீர் தருகிற கல்லாகிவிட்டது, அந்த வயல் நெல்லுதானே இங்கே சோறாகி வருகிறது என்று அத்தை தேறுதல் சொல்லிக்கொண்டார். எனக்கு ஆறவில்லை.

சாயங்காலத் தீபாராதனையையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது என்று முடிவு செய்தோம். அதற்குள் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லை, பெண்களுக்கான கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை, வயதானவர்கள் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை ஆயிரம் பேர் வருகிற நாளில் இன்னும் கொஞ்சம் ஏற்பாடு செய்யலாம். மணி அடித்ததும் எல்லாம் மறந்துபோனது. நெரிசலில் நாங்கள் வெகுதூரத்தில்தான் நிற்க முடிந்தது. தீபம் உயர்ந்தபோது, மண்டபத்தின் கடைசியில், தலைகளுக்கு மேலே, வெள்ளை வெளேரென்று முழுசாகத் தெரிந்தார். கருப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. அவ்வளவும் சோறு, சோற்றின் மேல் மாலை. "சோறு கண்ட இடம் சொர்க்கம்" என்பதைச் சோம்பேறிகளுக்குச் சொன்ன பழமொழி என்றே நினைத்து வளர்ந்தவள் நான். நல்லவேளை, அத்தை எனக்கு மாமியாராக வாய்த்தார். கருவூர்த் தேவர் இந்த ஈசனை நினைத்துத் திருவிசைப்பாவில் உருகினாரே, அந்த உருக்கத்தில் ஒரு துளி எனக்கும் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெருமானே, நன்றி. வேறு என்ன சொல்ல.

ராத்திரி அலங்காரம் கலைத்துப் பிரசாதம் கொடுத்தார்கள். லிங்கத்தின் மேல் பட்ட அன்னம் நீரில் வாழும் உயிர்களுக்கு, மற்றது நமக்கு. தயிர் பிசைந்த சோறு இரண்டு தொன்னை கிடைத்தது. வீட்டில் ஒரு வாய் ஊட்ட ஒருமணி நேரம் கதை சொல்ல வைக்கிற பாப்பா ஒரு தொன்னையைத் தானே வழித்துச் சாப்பிட்டுவிட்டு, டிரைவர் மாமாவுக்கு எடுத்துவைத்திருந்த தொன்னையிலும் கைவைத்தாள். அவர் பாதியைச் சாப்பிட்டு, மீதியைத் தன் அம்மாவுக்கென்று பொட்டலம் கட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். சேத்தியாத்தோப்புப் பாலம் வரைகூடப் பொறுக்கவில்லை அத்தை. "சின்னவனுக்கு வரன் அமையட்டும், ரெண்டு மூட்டை" என்று ஆரம்பித்துவிட்டார். கொழுந்தனுக்கு இந்த விஷயமே தெரியாது. இவர் கிலோமீட்டர் கணக்கை நினைத்துப் பெருமூச்சு விட, டிரைவர் தம்பி மட்டும் உற்சாகமாக, "அடுத்த ஐப்பசிப் பௌர்ணமி என்ன தேதி வருதுன்னு பாத்துச் சொல்லுங்கம்மா, வேற சவாரி எடுக்காம வண்டிய ஒதுக்கி வெச்சிடறேன்" என்றார்.