மீன்தொட்டிச் செடிகளுக்குக் கரியமில வாயு
மீன்தொட்டிச் செடிகளுக்கு வீட்டிலேயே கரியமில வாயு தயாரிப்பவர்கள், சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் கலக்கும் பழைய முறையைவிட, சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் வினைபுரியும் முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஈஸ்ட்டின் நொதித்தலை இரவில் நிறுத்த இயலாது. விளக்கு அணைந்ததும் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியிடத் தொடங்குவதால், விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து மூச்சுத் திணறும் நிலை ஏற்படலாம். பாவம், அவற்றால் சொல்லவா முடியும்? அமில முறையில், வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை இரவில் மூடிவிடலாம். அப்போது அழுத்தம் ஏறும் என்பதால், அழுத்தம் தாங்கும் குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலும் பாதுகாப்பு வால்வும் கட்டாயம். கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. தொட்டி நீர் குழாய்வழியே பின்னோக்கி வராதிருக்க ஒருவழி வால்வும் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் வாயு போதுமானது. நீரிலுள்ள வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் அளவுகாட்டித் திரவம் பச்சையிலிருந்து மஞ்சளானால் உடனே வாயுவைக் குறையுங்கள்.