எங்களுக்கு அல்ல, கர்த்தாவே

வெனிஸ் கிராண்ட் கால்வாயில் படகு சான் மார்க்குவோலா துறையை நெருங்கியபோது, பக்கத்தில் நின்றவர் கை நீட்டி, "அதுதான் கேசினோ" என்றார்.

வெள்ளைக் கல் முகப்பு, இரட்டை வளைவு ஜன்னல்கள். கா வென்ட்ராமின் கலேர்ஜி என்ற மாளிகை.

என் கண் போனது கீழ்ச்சுவருக்கு. தண்ணீருக்குச் சற்று மேலே லத்தீனில் பைபிளின் சங்கீத வரி ஒன்று: 'எங்களுக்கு அல்ல, கர்த்தாவே, எங்களுக்கு அல்ல.' 'உமது நாமத்துக்கே மகிமை' என்று தொடரும் வரி.

புகழ் வேண்டாமாம். ஊரே அண்ணாந்து பார்க்கும்படி கட்டிவிட்டு!

கட்டுவித்தவர் வெனிஸ் பிரபு ஆந்த்ரேயா லொரெதான். வடிவமைத்த கட்டடக் கலைஞர் மவுரோ கொதுஸ்ஸி 1504இல் இறந்துவிட, லொம்பார்தோ குடும்பத்தார் 1509 வாக்கில் முடித்துக் கொடுத்தார்கள். நாலே வருடத்தில், 1513இல், லொரெதான் போர்க்களத்தில் மாண்டார்.

அப்புறம் மாளிகை கை மாறிக்கொண்டே இருந்தது. 1589இல் வாங்கியவர் கலேர்ஜி. 1739இல் வாரிசு வழியாக வந்தவர்கள் வென்ட்ராமின். இன்று எல்லோரும் சொல்லும் பெயரில் லொரெதான் இல்லை. வேண்டுதல் பலித்துவிட்டது!

1946இல் நகராட்சி வாங்கியது. இப்போது உள்ளே ரூலெட் என்ற சூதாட்டச் சக்கரம் சுழல்கிறது. தோற்று வெளியே வருபவர்களுக்கும் அந்த வரி பொருத்தம்தான்.

ஆனால் இசை ரசிகர்கள் தேடி வருவது வேறொருவரை. 1883 பிப்ரவரி 13 அன்று இங்கே உயிர்விட்ட ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். அவருக்கு உள்ளே அருங்காட்சியகமே உண்டு.

இத்தனைக்கும் அவர் வாடகைக்கு வந்தவர்.