ஷெர்போர்ன் கட்டர்: போஸ்பிரிட் வரை வந்தாயிற்று

ஷெர்போர்ன் என்ற கட்டரின் (ஒற்றைப் பாய்மரம் கொண்ட வேகமான சிறு கப்பல்) மாதிரிக்குப் பலகை ஒட்டும் வேலை முடிந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு பூச்சு வார்னிஷும் அடித்துவிட்டேன். இப்போது போஸ்பிரிட் வேலை நடக்கிறது. அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

அசல் கப்பல் 1763-ல் வுல்விச் தளத்தில் கட்டப்பட்டது. வரைந்தவர் சர் தாமஸ் ஸ்லேட். நெல்சனின் விக்டரி கப்பலை வரைந்தவரும் அவரே. ஏழாண்டுப் போர் முடிந்ததும் இங்கிலாந்தின் தென்கரையில் கடத்தலை அடக்கக் கடற்படை இறக்கிய கட்டர்களில் இதுவும் ஒன்று. முதல் தலைவராக இருந்த ஜான் கார்ட்ரைட், பிற்காலத்தில் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று போராடியவர்.

மேல்தளம் 54 அடி 6 அங்குலம், அகலம் 19 அடி. 1:64 அளவில் 26 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் வருகிறது. நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்குகூட இல்லை! விரட்டிப் பிடிக்கிற கப்பல் ஒல்லியாக இருக்கும் என்று நினைப்போம். இதுவோ தொப்பை போட்டிருக்கிறது. ஒற்றைப் பாய்மரத்தில் அத்தனை பெரிய பாய்களை ஏற்றினால், காற்றில் சாயாமல் நிற்க இந்த அகலம் வேண்டும். தண்ணீருக்குக் கீழே பின்பக்கம் உடல் கூர்மையாக ஒடுங்குகிறது. அணியத்தில்தான் பலகைகள் படுத்தி எடுத்தன. வெந்நீரில் ஊறப்போட்டு, சால்டரிங் அயர்னின் பக்கவாட்டில் மெதுவாக வளைத்த பிறகுதான் வங்குகளோடு (கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டங்கள்) ஒட்டி உட்கார்ந்தன.

சரி, போஸ்பிரிட். பெரிய கப்பல்களில் இது மேல்நோக்கிச் சாய்ந்து, அசையாமல் கட்டப்பட்டிருக்கும். கட்டரில் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும், உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியும். அணியத்தின் நட்டநடுவில் முன்கட்டை நிற்பதால், மரம் அதற்குப் பக்கத்தில் ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைந்து வருகிறது. அதன் அடிமுனை தளத்தின் மேல் நிற்கும் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உட்கார, குறுக்கே ஒரு ஆப்பு. கடல் கொந்தளித்தால் ஆப்பை உருவி மரத்தை உள்ளே இழுத்துவிடலாம். முன்பாரம் குறைந்து கப்பல் அலையில் மூக்கைக் குத்தாமல் போகும். ஆப்புக்குத் துளை 1 மில்லிமீட்டர்தான். கைத்துரப்பணத்தில் போட்டேன், மின்துரப்பணம் அந்த மரத்தைப் பிளந்துவிடும். வளையம் பித்தளைக் கம்பியில் செய்தது. மரம் இப்போது நிஜமாகவே உள்ளே வெளியே போய் வருகிறது.

இந்த மரத்தின் நீளத்துக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. கடத்தல்காரனின் கட்டரும் அரசின் கட்டரும் ஒரே கரையில், பல சமயம் ஒரே தச்சர்கள் கையில் உருவானவை. ஒருவனுக்கு வேகம் கிடைத்தால் அடுத்தவனுக்கும் கிடைக்கும். அரசு அதற்கு வேறு வழி பார்த்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உரிமம் இல்லாத தனியார் கப்பலின் போஸ்பிரிட் கப்பல் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் கப்பலையே பறிமுதல் செய்யலாம் என்று ஆனது. போஸ்பிரிட் நீண்டால் அதன் நுனியில் பறக்கும் ஜிப் என்ற முக்கோணப் பாயும் பெரிதாகும். எதிராளியின் பாயைச் சட்டம் போட்டு வெட்டுவதுதான் கணக்கு. சுங்கக் கட்டர்களுக்கும் கடற்படைக்கும் வரம்பு கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, இரண்டு குச்சி சீவினேன். ஒன்று சட்டம் அனுமதித்த அளவு, அதாவது 17 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இன்னொன்று கப்பல் உடலின் நீளத்தையே நெருங்குவது. மாற்றி மாற்றிச் செருகி, டிஷ்யூ காகிதத்தில் ஜிப் வெட்டி மாட்டிப் பார்த்தேன். குட்டையில் கப்பல் அடக்கமான வியாபாரி மாதிரி இருக்கிறது. நீளமானதைச் செருகியதும் ஆளே மாறிவிடுகிறது.

பிடிபட்ட கப்பல்களில் நல்ல ஓட்டம் உள்ளவற்றை அரசே சேவைக்கு எடுத்துக்கொண்டது. மற்றவற்றை மூன்று துண்டாக அறுத்துப் போட்டார்கள். கப்பல் செய்கிறவனுக்கு இதைப் படிக்கவே வயிறு எரியும்.

காட்சிப் பலகைக்காகச் சரக்கும் செய்துகொண்டிருக்கிறேன். பிராந்தியும் ஜின்னும் வந்தது சுமார் 18 லிட்டர் பிடிக்கும் சின்னப் பீப்பாய்களில். இரண்டைக் கயிற்றால் இணைத்து, ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலுமாக ஆள் சுமந்து போவான். சுங்கப் படகு தெரிந்தால் வரிசையாகக் கட்டி, கல்லோடு கடலில் இறக்கிவிட்டு, பிறகு கொக்கி போட்டுத் தேடி எடுப்பார்கள். இந்த அளவில் ஒரு பீப்பாய் 6 மில்லிமீட்டர் உயரம். மூங்கில் குச்சியை நறுக்கி, நடுவை விட்டு இரு முனைகளையும் தேய்த்து, பழுப்புக் காகிதத்தில் பட்டை சுற்றினால் போதும். கயிறு கட்டும்போதுதான் பொறுமை போகிறது.

தேயிலை மூட்டைகளும் வைக்கலாமா என்று யோசித்தேன். 1747 அக்டோபரில் ஹாக்ஹர்ஸ்ட் கடத்தல் கும்பல் பூல் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கை இரவில் உடைத்து, சுங்கக் கட்டர் பறித்துவைத்திருந்த தேயிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனது. பீப்பாய்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். பணம் தேயிலையில் இருந்தது. 1784-ல் பிரதமர் பிட் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறக்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. இத்தனை கட்டர்கள் விரட்டியும் நடக்காத காரியம்! ஆனாலும் சாராயமும் புகையிலையும் தொடர்ந்தன. அதனால் என் பலகையில் பீப்பாய்கள் மட்டும்தான்.

அடுத்தது கயிறு வேலை. பருத்தி நூல் எத்தனை மெழுகு தடவினாலும் பிசிறு அடிக்கிறது. பாலியஸ்டரில் முறுக்கிப் பார்த்தேன், இந்த அளவுக்கு அதுவே பொருந்துகிறது. அப்புறம் ஜிப்பை வெளியே இழுத்துப் போகும் வளையம் போஸ்பிரிட்டின் மேல் தடையில்லாமல் சறுக்க வேண்டும். அதற்காக நீளமான குச்சியையே நிரந்தரமாக வைத்து, கடைசி வார்னிஷ் அடிக்காமல் நிறுத்தியிருக்கிறேன்.