மீன் பெட்டிக்குள் ஒரு வெங்கணாந்தி

கால்நடை வைத்தியரான எனக்கு மாடும் ஆடும் கோழியும்தான் அன்றாடப் பழக்கம். அதனால், மார்கழி மழையில் வனசீவராசிகள் உத்தியோகத்தர் இருவர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து உரப்பையில் கொண்டுவந்த வெங்கணாந்தியை, அதாவது மலைப்பாம்பை, எடுத்து மேசையில் கிடத்த முதலில் எனக்குக் கை வரவில்லை. வெள்ளம் வடியாத வரம்போரத்தில் அது இரண்டு நாளாக அசையாமல் கிடந்ததாம். அதைக் கண்டு அறிவித்த வயற்காரப் பெரியவரும் நனைந்தபடி கூடவே வந்திருந்தார்.

"உயிர் இருக்கா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. வாயைச் சற்றே திறந்து, தலையை மேல்நோக்கி நிமிர்த்தி மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் இடது நாசியில் ஒரு நுரைக்குமிழ் எழுந்து உடைந்தது. பாம்புக்கு உதரவிதானம் இல்லாததால் நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. தலையைத் தாழ்த்திப் பிடித்தபோது பிசின்போல் இழை இழையாக வழிந்த சளியைப் பஞ்சால் துடைத்தெடுத்தேன்.

எடை 3 கிலோ 200 கிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் செஃப்டசிடைம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, 72 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. வாற்பக்கத்து இரத்தம் சிறுநீரகத்தினூடாகச் சென்று, மருந்து உடலில் பரவுமுன்பே வெளியேறிவிடக்கூடும் என்பதால் ஊசி உடலின் முற்பகுதியில். இவை அனைத்தையும் முறைப்படி செய்தேன். ஆனால் அதன் உடலைச் சூடாக்க வேண்டும் என்பதை மறந்துபோனேன். தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிரினத்தை 24 பாகை அறையில் ஈரச் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு, மருந்து வேலை செய்யும் என்று காத்திருந்தேன். குளிர்ந்த உடலில் நோயெதிர்ப்பும் உறங்கிவிடும். மறுநாள் காலை குமிழ்கள் இரு நாசியிலும் இருந்தன. அந்தக் காலையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மீன் வியாபாரியொருவரிடம் ரெஜிபோம் எனப்படும் வெண்ணுரைப் பெட்டி வாங்கி, காற்றுக்குத் துளையிட்டு, உடல் பட்டுச் சுட்டுவிடாதபடி கம்பிவலைக்கு அப்பால் மின்குமிழைப் பொருத்தி, ஒரு பக்கத்தை 30 பாகையில் நிறுத்தினேன். மின்சாரம் நின்ற இரவுகளில் சுடுநீர்ப் போத்தல்களைத் துவாயில் சுற்றி வைத்து, மணிக்கொரு தடவை எழுந்து வெப்பமானியைப் பார்த்தேன்.

பெரியவர் கோழிக்குஞ்சு கொண்டுவந்தார். வாங்க மறுத்தேன், நீர்ச்சத்து வற்றிய, நலிந்த பாம்பின் வயிற்றில் இரை செரிக்காமல் அழுகிவிடும் என்று விளக்கியபோது, அவர் மனம் நோகாமல் குஞ்சைத் திரும்பக் கொண்டுபோனார். ஊசியால் திரவம் ஏற்றுவதோடு, நாளுக்கொரு தடவை வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் கிடத்தினேன்.

நான்காவது ஊசி போட்ட அன்று, மோப்பம் பிடிக்க நாக்கு வெளியே வந்தது. ஒருமுறைதான், பிறகு நீண்ட நேரம் இல்லை. மூச்சின் கரகரப்பு அடங்க மேலும் இரண்டு ஊசிகள் தேவைப்பட்டன.

தை மாதம் மழை விட்ட பிறகு, உத்தியோகத்தர்கள் அதை எடுத்த இடத்துக்கு அருகிலேயே, மேட்டுப் பற்றையோரம் விட்டார்கள். "எலி தொல்லைக்கு இது கிடக்கட்டும்" என்றார் பெரியவர். அது உரப்பையிலிருந்து பாதி உடலை வெளியே நீட்டி, வெயில் பட்ட மண்ணில் தாடையை வைத்து, வெகுநேரம் அப்படியே கிடந்தது.