கரண்டைக்கால் வலி: ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு ஒரு வருஷத்துக்கு மேல யோசிச்சு முடிவெடுத்தேன்

மதுரைல ஒரு ஜவுளிக்கடைல 16 வருஷமா வேலை பாக்குறேன், சமீபம் வரைக்கும் பட்டு செக்‌ஷன்ல நின்னேதான். வயசு 47, சுகர் எட்டு வருஷமா இருக்கு. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, நாப்பது தாண்டுன பொம்பளைங்க, நின்னே வேலை பாக்குறவங்க, உடம்பு கொஞ்சம் பூசுனாப்ல இருக்கவங்க, சுகர் பிரஷர் இருக்கவங்க, இவங்களுக்குத்தான் கரண்டை உள்பக்கத்துத் தசைநார் கெட்டு பாதத்து வளைவு எறங்கிப்போற இந்தப் பிரச்சனை அதிகமா வருதுன்னு பின்னாடி டாக்டர் சொன்னார், எங்க கடைலயே அப்படிப் பாத்தா பாதிப் பேரு வருவாங்க. அவங்கள்ல யாராச்சும் படிச்சா உபயோகமா இருக்கட்டும்னுதான் எழுதுறேன்.

2023 தீபாவளி சீசன்ல ஆரம்பிச்சது. வலது கால், உள்பக்கம், கரண்டை எலும்புக்குக் கீழ லேசா வீங்கி அமுக்குனா வலிச்சுச்சு. அந்த மாசம் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நின்னோம், அதனால சுளுக்குன்னே நெனச்சுக்கிட்டேன். அம்மா உப்பு ஒத்தடம் குடுத்தாங்க, பக்கத்துத் தெருல சுளுக்கு எடுக்குறவர்ட்ட மூணு தடவை போயி எண்ணெய் போட்டு நீவிட்டு வந்தேன், அன்னைக்கு ராத்திரி சொகமா இருக்கும், மறுநாள் மத்தியானம் சாப்பிட எறங்குறப்ப படிக்கட்டுல கால் ஊன முடியாது.

பொங்கல் முடிஞ்சு ஒரு டாக்டர்ட்ட போனேன். படுக்க வச்சு எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்பு நல்லா இருக்கும்மான்னு சொல்லி வலி மாத்திரையும் கால்சியமும் குடுத்து எம்சிஆர்னு மெத்துன்னு ரப்பர் வச்ச செருப்பு போடச் சொன்னார். செருப்பு நல்லதுதான், ஆனா பட்டு செக்‌ஷன்ல மெத்தை விரிப்பு மேல செருப்போட ஏற முடியாது, ஒன்பது மணி நேரம் வெறுங்கால்தான். இதை நான் அவர்ட்ட சொல்லவே இல்ல, அவரும் என்ன வேலைன்னு கேக்கல. கால் வலின்னு போனா எத்தனை மணி நேரம் நிக்கிறோம், எது மேல நிக்கிறோம், கால்ல என்ன போட்டிருக்கோம்னு அவங்க கேக்காட்டியும் நாமளா சொல்லிரணும்.

அடுத்து கண்டுபிடிச்சது எம் மகதான். காலைல வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு ஈரக்காலோட திண்ணைல ஏறுனேன், அம்மா ரெண்டு தடமும் வேற வேற மாதிரி இருக்கே பாருன்னா. இடது கால் தடத்துல நடுவுல வளைவு இருந்துச்சு, வலது கால் தடம் முழுசா அப்பளம் மாதிரி பதிஞ்சிருந்துச்சு. செருப்பை எடுத்துப் பாத்தா வலது செருப்பு உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. எனக்கு அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு.

ரெண்டாவதா பாத்த டாக்டர் ரெண்டு நிமிஷத்துல, ஆபரேஷன் பண்ணி மூட்டை ஒட்ட வச்சிரலாம், அடுத்த வாரமே அட்மிட் ஆயிருங்கன்னுட்டார். காலைத் தொட்டுக்கூடப் பாக்கல. வீட்டுக்காரர் வெளிய வந்ததும், கையெழுத்து மட்டும் போட்டுறாத, இன்னொரு ஆள்ட்ட காட்டுவோம்னார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்.

மூணாவது, பாதமும் கரண்டையும் மட்டும் பாக்குற ஒரு எலும்பு டாக்டர். 2024 ஜூன். அவர் ரிப்போர்ட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு திரும்பி நில்லுங்கம்மான்னார். பின்னாடி இருந்து பாத்தா இடது கால்ல சுண்டுவிரலும் அடுத்ததும் மட்டும் தெரியுது, வலது கால்ல நாலு விரல் தெரியுதுன்னு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காமிச்சார். அதாவது முன்பாதம் வெளிப்பக்கமா திரும்பிப் போயிருக்கு. அப்புறம் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னு குதிகாலைத் தூக்கச் சொன்னார். இடது கால் தூக்குச்சு. வலது கால் அசையவே இல்ல, மனசு சொல்லுது கால் கேக்கல, எனக்கு அங்கயே கண்ணு கலங்கிருச்சு.

அதுக்கப்புறம் உக்கார வச்சு எங்குதிகாலைக் கையால புடிச்சு உள்பக்கமா தள்ளிப் பாத்தார், அது நேரா வந்துச்சு. இதுதாம்மா நல்ல செய்தி, இன்னும் வளைஞ்சு குடுக்குதுன்னார். அன்னைக்கு அது எனக்குப் புரியல, ஆனா கடைசில நான் முடிவெடுத்ததே அந்த ஒரு விஷயத்த வச்சுத்தான்.

எக்ஸ்ரேவ திரும்ப எடுக்கச் சொன்னார், இந்தத் தடவை நின்னுக்கிட்டு. படுத்துக்கிட்டு எடுத்தா பாரம் இல்லாததால வளைவு எவ்வளவு எறங்கிருக்குன்னு சரியாத் தெரியாதாம். ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சப்ப எனக்கே வித்தியாசம் தெரிஞ்சது. எம்ஆர்ஐல தசைநார் வீங்கி நீளவாக்குல கிழிஞ்சிருக்குன்னு வந்துச்சு. நம்ம ஆளுங்க எல்லாத்தையும் நரம்புன்னு சொல்லுவோம், இது நரம்பு இல்ல, தசையை எலும்போட கட்டிப்போடுற நார். கெண்டைக்கால் ஆழத்துல இருந்து எறங்கி, உள்பக்கக் கரண்டை எலும்புக்குப் பின்னாடி வளைஞ்சு வந்து பாதத்தோட உள்பக்க எலும்புல புடிச்சிருக்கு, பாதத்து வளைவ தூக்கி நிறுத்துறதே அதுதானாம். அந்தத் திருப்பத்துல ரத்த ஓட்டம் கம்மி, அதனால அங்க தேஞ்சா ஆறுறது கஷ்டம். ஊசி போட்டா வலி போயிருமேன்னு கேட்டேன், ஸ்டீராய்டு ஊசிய இந்த நார்ல போட்டா அறுந்துபோக வாய்ப்பு இருக்கு, நான் போட மாட்டேன்னுட்டார்.

ஆபரேஷன்ல ரெண்டு விதம் இருக்குன்னு பேப்பர்ல படம் போட்டுச் சொன்னார். கால் இன்னும் வளைஞ்சு குடுக்குற நெலைல இருந்தா, சின்ன விரல் நாலையும் மடக்குற நாரை எடுத்து கெட்டுப்போன நாரோட வேலையைச் செய்ய வச்சு, குதிகால் எலும்பை வெட்டி ஒரு சென்டிமீட்டர் போல உள்பக்கமா நகத்தி ஸ்க்ரூ போடுவாங்க, மூட்டு அப்படியே இருக்கும். கால் இறுகிப் போயிட்டா அது முடியாது, அப்ப மூட்டுகளைச் சேத்து ஒட்ட வைக்கிறதுதான் வழி, வலி போகும், ஆனா பாதம் பக்கவாட்டுல ஆடுற ஆட்டம் போயிரும், மேடு பள்ளத்துல நடக்குறது சிரமம். ரெண்டாவது டாக்டர் சொன்னது இதைத்தான், ஆனா என் கால் அந்த நெலைக்கு இன்னும் வரவே இல்ல.

உடனே வேணாம், ஆறு மாசம் முயற்சி பண்ணுவோம்னார். கரண்டைக்கு கயிறு கட்டுற பிரேஸ், வளைவைத் தாங்குற இன்சோல் வச்ச ஷூ, பிசியோ. கடைல சொல்லி பட்டு செக்‌ஷன்ல இருந்து பில்லிங்குக்கு மாத்தி வாங்கிக்கிட்டேன், சும்மா கெடைக்கல, ரெண்டு தடவை கேட்டு மூணாவது தடவை டாக்டர் லெட்டரோட போனேன். கடைல வேலை பாக்குறவங்க உக்கார சீட் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டத்துலயே சேத்துட்டாங்க, கேரளால 2018லயே வந்துருச்சு. இது தெரியாத பொண்ணுங்க எத்தனையோ பேர் இன்னும் நின்னுக்கிட்டே இருக்காங்க, அதை நெனச்சா எனக்கு வயிறு எரியுது.

பிசியோல இருந்த பொண்ணு தங்கமான பொண்ணு. ரப்பர் பேண்டைக் காலுல மாட்டி உள்பக்கமா இழுக்கச் சொல்லும், ரெண்டு காலையும் சேத்துத் தூக்கி மெதுவா எறக்கச் சொல்லும், அக்கா இன்னும் அஞ்சு, இன்னும் ரெண்டேன்னு. நாலாவது மாசம் உள்பக்க வலி நல்லாவே கொறஞ்சிருச்சு. கோயிலுக்கு, மொளகாப்பொடி வாங்கன்னு எல்லாத்துக்கும் நடந்தே போனேன், அம்மாட்ட ஆபரேஷனே வேணாம்மான்னு போன்ல சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

அஞ்சாவது மாசம் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பிச்சது. வெளிக் கரண்டை எலும்புக்குக் கீழ, இதுக்கு முன்னாடி வலிக்காத எடம். புது ஷூ கடிக்குதுன்னு நெனச்சு ஒரு மாசம் யார்ட்டயும் சொல்லல. டிசம்பர் ரிவ்யூல சொன்னப்ப டாக்டர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, உள்பக்க வலி கொறைஞ்சா நார் சரியாயிருச்சுன்னு அர்த்தம் இல்லம்மா, குதிகால் இன்னும் வெளிய சாஞ்சு அந்தப் பக்கத்து எலும்போட இடிக்க ஆரம்பிச்சிருக்குன்னார். நின்னு எடுத்த புது எக்ஸ்ரேல வளைவு முன்னைவிட எறங்கியிருந்துச்சு. அந்த ஒத்தக்கால் சோதனைல இப்பவும் தூக்க முடியல. ஆனா கையால தள்ளுனா குதிகால் நேரா வந்துச்சு, முன்னை அளவுக்கு லேசா வரல.

நான் ஒரு வருஷத்துக்கு மேல வலி தாங்குற மாதிரி இருக்கா இல்லையான்னு மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வலி தாங்குற மாதிரி இருந்தா ஆபரேஷன் வேணாம், தாங்காட்டி வேணும், அவ்வளவுதான் கணக்குன்னு. இன்னும் எத்தனை நாள் இந்தக் கால் வளைஞ்சு குடுக்கும்னு நான் யோசிக்கவே இல்ல. இறுகிப் போனதுக்கப்புறம் வலி தாங்காம போனா மூட்டை ஒட்டுறது ஒண்ணுதான் மிச்சம் இருக்கும். அன்னைக்கு பஸ்ல வரும்போதே பண்ணிக்கலாம்னு மனசுல வந்துருச்சு. எல்லாருக்கும் இப்படி இல்ல, நிறையப் பேருக்கு பிரேஸும் எக்சர்சைஸும் போதும்னு டாக்டரே சொன்னார், எங்கடைலயே ஒருத்திக்கு ஆரம்பத்துலயே பாத்ததால இன்சோல்லயே நின்னுபோச்சு.

முடிவெடுத்தாலும் உடனே முடியல. மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ஹெச்பிஏ1சி 8.6 இருந்துச்சு, இதோட கத்தி வச்சா புண் ஆறாது, எலும்பும் ஒழுங்கா சேராது, கொறைச்சுட்டு வாங்கன்னுட்டார். மூணு மாசம் ராத்திரி சோறை நிறுத்தி, மாத்திரைய நேரத்துக்குப் போட்டு, மார்ச்ல 7.3க்கு வந்துச்சு. கேட்டதுக்கு ஒளிக்காம எல்லா ரிஸ்க்கும் சொன்னார், தோல் மரத்துப் போகலாம், கெண்டைக்கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டலாம், இன்ஃபெக்‌ஷன் வரலாம், வீக்கம் முழுசா எறங்க ஒரு வருஷம்கூட ஆகலாம்.

காசு பெரிய பயமா இருந்துச்சு. எனக்கு சம்பளம் 21,000த்துக்குக் கீழதான், அதனால தொழிலாளர் காப்பீடு இஎஸ்ஐ புடிக்கிறாங்க, ஆனா அதை காய்ச்சல் மாத்திரைக்குத் தவிர வேற எதுக்கும் உபயோகிச்சதில்ல. விசாரிச்சப்பத்தான் தெரிஞ்சது, இஎஸ்ஐ டாக்டர் ரெஃபர் பண்ணுனா அவங்களோட ஒப்பந்தம் இருக்க ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணிக்கலாம், லீவுல இருக்கப்ப வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் வரும். எங்க டாக்டர் பாக்குற ஆஸ்பத்திரி அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. கடைல பதினாறு வருஷம் இருந்தும் இது யாரும் சொல்லித் தெரியல, ஸ்லிப்ல மாசாமாசம் கழிக்கிறதை மட்டும்தான் பாத்திருக்கேன்.

அடுத்தது வீடு. ஆறு வாரம் வலது காலைத் தரைல வைக்கவே கூடாது. நாங்க மாடில வாடகைக்கு இருக்கோம், பாத்ரூம்ல இந்தியன் டாய்லெட். அதனால கீழ்வீட்டு அக்காட்ட கேட்டு முன்னறைய ரெண்டு மாசத்துக்கு வாங்குனோம், பிளாஸ்டிக் கமோடு சேர் ஒண்ணு, வாக்கர் ஒண்ணு. அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. மகளுக்கு பிளஸ்டூ பரீட்சை மார்ச் கடைசில முடிஞ்சது, ஏப்ரல் 10 தேதி குறிச்சோம். ஆபரேஷனுக்கு முன்னாடியே வாக்கர்ல ஒத்தக்கால்ல நடந்து பழகச் சொன்னாங்க, அதை தயவுசெஞ்சு யாரும் விட்றாதீங்க, கட்டுப் போட்டப்புறம் பழகுறது ரொம்பக் கஷ்டம்.

முதல் ரெண்டு வாரம்தான் கொடுமை. நெஞ்சு உயரத்துக்கு காலைத் தூக்கி வச்சாத்தான் துடிப்பு அடங்கும். சித்திரைத் திருவிழா வந்துச்சு, கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து கொரோனா சமயத்தைத் தவிர அழகர் ஆத்துல எறங்குறதைப் பாக்காத வருஷம் இல்ல, இந்த வருஷம் கட்டில்ல படுத்துக்கிட்டு டிவில பாத்தேன். தெருவே காலியா இருந்துச்சு, அம்மாவும் போகாம எங்கூட உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டாங்க.

ஆறு வாரம் கழிச்சு கரண்டையை அசையாமப் புடிக்கிற பூட் போட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊன விட்டாங்க, மூணு மாசம் ஆனப்ப ஷூவுக்கு வந்தேன், ஆடித் தள்ளுபடில பில்லிங்ல உக்காந்துட்டேன். இப்ப செப்டம்பர், அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சு. வெளிப்பக்க வலி இல்ல. சாயந்திரம் ஆனா வீங்குது, சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் மரத்தாப்ல இருக்கு, சின்ன விரல்களை முன்னை மாதிரி இறுக்கி மடக்க முடியல, நடக்கிறதுக்கு அது தடையா இல்ல. ரெண்டு காலையும் சேத்து குதிகாலைத் தூக்குறேன். வலது கால் ஒத்தையா இன்னும் தூக்கல, அதுக்கு இன்னும் மாசங்கள் ஆகும்ங்கிறாங்க, தெனமும் அடுப்படி மேடையைப் புடிச்சுக்கிட்டு முயற்சி பண்றேன், போன வாரம் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு பேப்பர் போற அளவுக்கு வந்துச்சுன்னு மக குனிஞ்சு பாத்துட்டுச் சொன்னா.